போர்ச்சுகலுக்குக் குடிபோவது: விசா இரண்டாவது, வீடு முதலாவது

கேள்வி சுருக்கமாக இது: சென்னையில் இருந்தபடியே ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு கான்ட்ராக்டில் வேலை, மாதம் 4,500 யூரோ அளவுக்கு வருமானம், மனைவி, ஆறு வயது மகள். "வெயில், கடல், ஐரோப்பா, செலவும் குறைவு என்கிறார்கள். போர்ச்சுகலுக்குக் குடும்பத்தோடு போய் இருக்கலாமா? அங்கே வாழ்க்கை உண்மையில் எப்படி?"

போகலாம். உங்கள் வருமானம் வெளியிலிருந்து வருகிறது என்பதால்தான் இவ்வளவு சட்டென்று சொல்கிறேன். போர்ச்சுகலில் போய் வேலை தேடிக்கொள்ளலாம் என்று நீங்கள் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அங்கே குறைந்தபட்சக் கூலி 2025-இல் மாதம் 870 யூரோ, 2026-இல் 920. ஆண்டுக்கு 14 சம்பளம் உண்டு, விடுமுறைக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று. ஆனாலும் லிஸ்பனில் இரண்டு படுக்கையறை வீடு 1,500 யூரோவுக்குக் கீழே கிடைத்தால் அதிர்ஷ்டம். "செலவு குறைவான நாடு" என்பது ஜெர்மனி ஓய்வூதியக்காரர்களும் அமெரிக்கர்களும் சொல்லும் கணக்கு. உள்ளூர்க்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறிவிடும்.

யூடியூப் வீடியோக்களில் வருவதெல்லாம் விசா, விசா, விசா. நான் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அங்கே எல்லாமே வீட்டில் போய்த்தான் முட்டுகிறது. விசாவுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். முகவரி எந்த வட்டாரமோ அந்த வட்டாரத்து சுகாதார நிலையம்தான் உங்களுக்கு. பிள்ளைக்குப் பள்ளி இடம் முகவரியைப் பார்த்துத்தான். குளிர்காலத்தில் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்களா, மூவரும் மாற்றி மாற்றி இருமிக்கொண்டிருப்பீர்களா என்பதும் வீட்டைப் பொறுத்ததே.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறீர்கள், இல்லையா? லிஸ்பனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,800 மணி நேரம் வெயில் அடிக்கிறது, தெற்கே அல்கார்வ் பக்கம் 3,000-ஐத் தாண்டும். அதே நாட்டில்தான், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 கணக்குப்படி, ஐந்தில் ஒருவர் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொல்கிறார். ஸ்பெயினும் போர்ச்சுகலும்தான் அந்தப் பட்டியலில் தலையில் நிற்கின்றன. ஃபின்லாந்தில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அங்கே வீட்டைக் குளிருக்கென்றே கட்டுகிறார்கள். போர்ச்சுகலில் கட்டடங்களுக்கு வெப்பக்காப்பு விதிமுறை வந்ததே 1990-இல்தான். அதற்கு முந்தைய கட்டடங்களில் சுவர் வெறும் செங்கல், ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி, தரையில் டைல்ஸ், சென்ட்ரல் ஹீட்டிங் கிடையாது. ஜனவரியில் வெளியே 14 டிகிரி இளவெயிலில் டீ-ஷர்ட்டோடு நடந்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் ஸ்வெட்டரைத் தேட வேண்டியிருக்கும். குளிராவது பரவாயில்லை, ஈரம் அதைவிட மோசம். பீரோவுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும், தோல் செருப்பில் பச்சை படரும், துவைத்த துணி மூன்று நாள் காயாது.

அதனால் வீடு பார்க்கப் போவதென்றால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். ஜூலையில் எல்லா வீடும் அழகுதான். நம் ஊரில் தெற்குப் பார்த்த வாசல் என்றால் முகம் சுளிப்பார்கள். அங்கே தெற்குப் பார்த்த வீட்டுக்குத்தான் போட்டி. குளிர்காலத்தில் லிஸ்பனில் நண்பகல் சூரியன்கூட வானத்தில் 28 டிகிரிதான் ஏறும், அதுவும் தெற்குப் பக்கத்தில். வடக்குப் பார்த்த அறைக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நேர் வெயில் என்பதே இல்லை. வாஸ்து பார்க்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வடக்குச் சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புது பெயின்ட் வாசனை அங்கே மட்டும் தூக்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள், போன வாரம்தான் பூஞ்சணத்தின் மேல் அடித்திருப்பார்கள். ஜன்னலில் இரட்டைக் கண்ணாடியா என்று விரலை வைத்துப் பாருங்கள், பிரதிபலிப்பு இரண்டாகத் தெரியும். குளியலறைக்கு ஜன்னல் உண்டா? வாடகைக்கோ விற்பனைக்கோ விடும் வீட்டுக்கு எரிசக்திச் சான்றிதழ் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏ-பிளஸ் முதல் எஃப் வரை தரம் போடுவார்கள். பழைய கட்டடங்களில் டி, ஈ, எஃப் என்று வருவது சகஜம். சி கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம் என்பது என் கட்சி.

அப்புறம் மெயின் போர்டைப் பாருங்கள். அங்கே மின்சார ஒப்பந்தத்தில் ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு இழுக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. பல சின்ன வீடுகளில் அது 3.45 கே.வி.ஏ. ஒரு ஹீட்டர் 2,000 வாட், ஒரு கெட்டில் 2,000 வாட். இரண்டும் ஒன்றாக ஓடினால் போர்டு விழுந்துவிடும், அமெரிக்க கிளையன்ட்டோடு வீடியோ காலில் இருக்கும்போது வைஃபையும் சேர்ந்து போகும். 6.9-க்கு மாற்றச் சொல்லி மின் கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் போதும், தினசரிக் கட்டணம் கொஞ்சம் கூடும். வந்த முதல் வாரமே ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தொட்டியிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரைக் கொட்டுவீர்கள். அத்தனையும் உங்கள் படுக்கையறைக் காற்றில் இருந்தது.

வாடகை விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. விசா விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் ஓராண்டு வாடகை ஒப்பந்தம் காட்டச் சொல்கிறார்கள், விசா இல்லாதவருக்கு வீடு தர வீட்டுக்காரர் தயங்குகிறார். இந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐடியலிஸ்டா போன்ற வீட்டு விளம்பரத் தளங்களில் சந்தை விலையில் பாதிக்கு ஒரு அழகான வீடு, "நான் இப்போது லண்டனில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று ஒரு மெயில். பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். உங்களில் ஒருவர் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) சுற்றுலா விசாவில் இரண்டு வாரம் போய், வீட்டைக் கண்ணால் பார்த்து, ஒப்பந்தம் போட்டுவிட்டுத் திரும்பி வந்து குடியேற்ற விசாவுக்கு விண்ணப்பிப்பது செலவானாலும் நல்லது. சட்டப்படி முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது, முன்கூட்டி வாங்கும் வாடகையும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. நடைமுறையில் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாத வெளிநாட்டுக்காரரிடம் ஆறு மாத வாடகை, ஒரு வருட வாடகை என்று கேட்பவர்கள் உண்டு. பேரம் பேசலாம். ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஒப்பந்தம் வரித்துறையில் பதிவாகியிருக்க வேண்டும். வரிக்குப் பயந்து "பதிவு வேண்டாம், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த அலுவலகத்திலும் எதுவும் செய்ய முடியாது.

எந்த ஊர்? லிஸ்பன் நகரத்துக்குள் இருக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை, ஆபீஸே இல்லையே. தேஜோ ஆற்றுக்குத் தெற்கே அல்மாடா, பரைரோ, இன்னும் கீழே செதூபல் பார்க்கலாம். பரைரோவிலிருந்து லிஸ்பன் நடுப்பகுதிக்குப் படகு ஓடுகிறது. லிஸ்பன் பெருநகரம் முழுவதும் பஸ், மெட்ரோ, ரயில், படகு எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ், மாதம் 40 யூரோ. 12 வயது வரை குழந்தைக்கு இலவசம். வடக்கே பிராகா, அவெய்ரோ நல்ல ஊர்கள், வாடகையும் குறைவு, ஆனால் மழை. போர்ட்டோவில் பெய்யும் மழையளவு சென்னையோடு ஒப்பிடும்படி இருக்கும், நம் ஊரைப் போல இரண்டு மாதத்தில் கொட்டித் தீர்க்காமல் அக்டோபரிலிருந்து மார்ச் வரை சிணுங்கிக்கொண்டே இருக்கும். வெயிலுக்காகத்தான் போகிறேன் என்பவர் போர்ட்டோ போகாதீர்கள். அல்கார்வில் வெயில் உண்டு, கோடையில் சுற்றுலாக்காரர்கள் வரும்போது வாடகை மூன்று மடங்காகும், அக்டோபரில் பாதிக் கடைகள் மூடிவிடும், ஒப்பந்தமே செப்டம்பர் முதல் ஜூன் வரைதான் தருவார்கள். பள்ளி போகும் பிள்ளையோடு ஒவ்வொரு ஜூனிலும் வீடு மாற முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் செதூபல்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. மெரினாவில் கால் நனைத்த நினைப்போடு இறங்கினால் கத்திவிடுவீர்கள். கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று மேல்மட்டத் தண்ணீரை வெளியே தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆகஸ்டிலும் லிஸ்பன் பக்கத்துக் கடல் 17, 18 டிகிரிதான். அல்கார்வ் 21, 22 வரை போகும். அலைகளும் அட்லாண்டிக் அலைகள், நசரே என்ற கடற்கரை ஊரில் உலகின் மிகப் பெரிய அலைச்சறுக்குகள் நடப்பது சும்மா இல்லை. கரையில் சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்காதீர்கள். ஆனால் அதே குளிர்நீர்தான் அடியிலிருந்து சத்தைக் கொண்டுவந்து மத்தி மீனைக் கொழுக்க வைக்கிறது. ஜூன் மாதம் புனித அந்தோணியார் திருநாளுக்கு லிஸ்பன் தெருவெல்லாம் கரி அடுப்பில் மத்தி சுடும் புகை. நம் மத்தியைவிடப் பெரிது.

சாப்பாட்டில் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைக்கு அதிகம் அரிசி சாப்பிடுபவர்கள் போர்ச்சுகீசியர்கள்தான், தங்கள் ஆற்றங்கரைகளிலேயே விளைவிக்கிறார்கள். கரொலீனோ என்றொரு அரிசி எந்தக் கடையிலும் கிடைக்கும், கொஞ்சம் குழைய வேகும், தயிர்சாதத்துக்கும் பொங்கலுக்கும் கச்சிதம். கொத்தமல்லித் தழை ஐரோப்பாவில் பல நாடுகளில் தேடி அலைய வேண்டிய பொருள், இங்கே உள்ளூர்ச் சமையலே அதில்தான். மீன் மார்க்கெட்டில் கணவாய், கானாங்கெளுத்தி, மத்தி எல்லாம் உண்டு, சொன்னால் சுத்தம் செய்தே கொடுப்பார்கள். கறிவேப்பிலை, உளுந்து, இட்லி அரிசிக்கு லிஸ்பனில் மார்த்திம் மொனீஸ் பகுதிக்குப் போக வேண்டும், பங்களாதேஷ், இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சைவக் குடும்பமா? 2017-இல் வந்த சட்டப்படி பள்ளி, மருத்துவமனை உள்ளிட்ட பொதுத்துறை உணவுக்கூடங்கள் தினமும் ஒரு சைவ உணவாவது வைக்க வேண்டும். ஓட்டலில் மட்டும் கவனம்: உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் என்று கொண்டுவந்து வைப்பார்கள். தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இனி விசா. உங்களுக்குரியது டி-8, வெளிநாட்டு நிறுவனத்துக்குத் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்காக 2022-இல் கொண்டுவந்தது. டி-7 என்பது ஓய்வூதியம், வாடகை, ஈவுத்தொகை போன்ற வருமானக்காரர்களுக்கு. யாராவது ஏஜென்ட் உங்களுக்கு டி-7 என்று சொன்னால் அவரை விட்டு விலகுங்கள். டி-8-க்கு மாத வருமானம் குறைந்தபட்சக் கூலியின் நான்கு மடங்கு, அதாவது 2026-இல் 3,680 யூரோ. கூட வரும் மனைவிக்கு ஒரு கூலியின் பாதி, குழந்தைக்கு 30 சதவீதம் என்று கூட்டினால் 4,416. உங்கள் 4,500 ஒட்டி ஒட்டித்தான் தாண்டுகிறது, டாலர் கொஞ்சம் சரிந்தால் கீழே போய்விடும். அதனால் சேமிப்பைக் காட்டத் தயாராக இருங்கள், ஓராண்டுக் கூலி அளவுக்காவது வங்கியில் இருப்பு கேட்பது வழக்கம். குடும்பத்தைப் பின்னால் அழைத்துக்கொள்ளலாம் என்ற திட்டம் இப்போது ஆபத்து. 2025 அக்டோபரில் அமலுக்கு வந்த சட்டத்தில் குடும்பச் சேர்ப்புக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருப்பு வைத்திருக்கிறார்கள். சிறு பிள்ளைகள் விஷயத்தில் விலக்கு உண்டு, ஆனால் விலக்கை நம்பிப் பிரிந்திருப்பதைவிட மூவர் விண்ணப்பத்தையும் ஒன்றாகக் கொடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

விசா ஒட்டிக் கொடுப்பது நான்கு மாதத்துக்குத்தான். அதற்குள் அங்கே போய் குடியேற்ற முகமையில் கைரேகை கொடுத்து, இரண்டு ஆண்டுக்கான வசிப்பிட அட்டை வாங்க வேண்டும். பழைய முகமையைக் கலைத்துவிட்டு 2023 அக்டோபர் 29-இல் ஐமா என்ற புதியதைத் தொடங்கினார்கள். தொடங்கும்போதே முன்னதன் பாக்கி தலையில் விழுந்தது, 2024-இல் சுமார் நான்கு லட்சம் கோப்புகள் தேங்கியிருந்ததாக அரசே சொன்னது. அதைக் குறைக்கத் தனி மையங்கள் வைத்து நிறைய முடித்திருக்கிறார்கள் என்றாலும், அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைக்காலத்தில் ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று டிக்கெட் போடாதீர்கள். வெளியே போவது சுலபம், திரும்பி நுழையும்போது ஃபிராங்க்ஃபர்ட் கவுன்டரில் விளக்கம் சொல்வதுதான் கஷ்டம்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி: பெயர். அங்கே எல்லாப் படிவத்திலும் பெயர், குடும்பப்பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் நான்கும் கேட்பார்கள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் பலருக்குக் காலி. சிலருக்கு அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், கல்யாணச் சான்றிதழில் மனைவி பெயர் வேறு மாதிரி இருக்கும். போர்ச்சுகல் வரி எண் வாங்கும்போது ஒரு விதம், வாடகை ஒப்பந்தத்தில் ஒரு விதம், விசாவில் ஒரு விதம் என்று போய்விட்டால் ஒவ்வொரு கவுன்டரிலும் நீங்கள் இரண்டு ஆட்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லாவற்றிலும் போடுங்கள். மனைவி, மகள் பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பார்த்து, திருத்த வேண்டியிருந்தால் சென்னையிலேயே திருத்திவிடுங்கள்.

வரி எண் என்று சொன்னேன் அல்லவா, அதை நிஃப் என்பார்கள். ஒன்பது இலக்கம். நம் பான் கார்டு மாதிரி என்று நினைத்தால் போதாது, சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்கினாலும் "நிஃப் போடவா?" என்று கேட்பார்கள். போட்டால் செலவில் ஒரு பகுதி வரிக்கழிவாக வரும். இந்தியாவிலிருந்தே ஒரு வக்கீல் மூலமாக வாங்கிவிடலாம், வாடகை ஒப்பந்தத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் அதுதான் முதல்படி. பணம் கொடுக்கல் வாங்கலுக்கு எம்.பி.வே என்ற செயலி, ஜி-பே பழகியவருக்கு ஒரு நாளில் வந்துவிடும்.

வரியில் பழைய கதைகளை நம்பாதீர்கள். வெளிநாட்டுக்காரருக்குப் பத்து ஆண்டு வரிச்சலுகை என்று எல்லா வீடியோவிலும் வரும் திட்டம் 2023 முடிவோடு புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் வந்தது ஆராய்ச்சி, குறிப்பிட்ட உயர்தொழில் வேலைகளுக்கு மட்டும். வீடு வாங்கினால் வசிப்புரிமை தரும் கோல்டன் விசா என்ற வழியும் 2023 அக்டோபரில் போய்விட்டது. 183 நாளுக்கு மேல் இருந்தாலே நீங்கள் வரிக்குடியிருப்பாளர், உலகெங்கும் வரும் வருமானத்தைக் காட்ட வேண்டும், சென்னை வீட்டு வாடகையையும் ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியையும் சேர்த்து. இந்தியாவோடு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை முழுதாகக் கட்ட வேண்டியதில்லை. சுயதொழிலாகப் பதிந்தால் எளிய முறையில் வருமானத்தின் 75 சதவீதத்துக்குத்தான் வரி. சமூகப் பாதுகாப்புச் சந்தா 21.4 சதவீதம், அதுவும் வருமானத்தின் 70 சதவீதத்தின் மேல், அதாவது மொத்தத்தில் சுமார் 15. முதல் 12 மாதம் அந்தச் சந்தா கிடையாது. மனைவிக்கு வருமானம் இல்லையென்றால் இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யுங்கள், வரி விகிதம் இறங்கும். எல்லாம் போக இரண்டாம் ஆண்டிலிருந்து கையில் 70 சதவீதம் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கு மாதம் 3,150 யூரோ. லிஸ்பன் வாடகையில் இதில் பாதி போய்விடும். செதூபல் என்று நான் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

மருத்துவம்: அரசு சுகாதாரத் திட்டத்தில் வசிப்பவர் எவரும் பதிந்துகொள்ளலாம், 2022-க்குப் பிறகு பெரும்பாலான சேவைகளுக்குக் கட்டணமே இல்லை. குடும்ப மருத்துவர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு, நாட்டில் 15 லட்சம் பேருக்கு மேல் அப்படி ஒருவர் இல்லாமல் இருக்கிறார்கள். ஆகவே தனியார் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இளம் குடும்பத்துக்குச் சந்தா தாங்கக்கூடியதே. பெரிய வியாதி, விபத்து என்றால் அரசு மருத்துவமனைதான், அதில் தரம் நன்றாகவே இருக்கும்.

மகளுக்கு ஆறு வயது என்பது உங்கள் அதிர்ஷ்டம். முதல் வகுப்பு அங்கே ஆறு வயதில்தான் தொடக்கம், எல்லாப் பிள்ளைகளோடும் அவளும் எழுத்துக் கூட்டலாம். அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, பாடப்புத்தகம் இலவசம், வீட்டு மொழி வேறாக உள்ள பிள்ளைகளுக்குத் தனியாகப் போர்ச்சுகீஸ் பாடம் உண்டு. இன்டர்நேஷனல் பள்ளி வேண்டவே வேண்டாம் என்பேன். உங்கள் வருமானத்துக்கு அது கட்டாது என்பது ஒன்று. அதைவிட, ஆறு மாதத்தில் போர்ச்சுகீஸ் பேசும் பிள்ளை வீட்டில் இருந்தால் உங்களுக்கே பாதி வேலை மிச்சம். உங்களுக்கும் மனைவிக்கும் அரசே இலவச வகுப்பு நடத்துகிறது, 150 மணி நேரம், முடித்தால் ஏ-2 என்ற அடிப்படை நிலைச் சான்றிதழ். நிரந்தர வசிப்புரிமைக்கும் குடியுரிமைக்கும் கேட்கும் மொழித் தகுதிக்கு அதுவே போதும். டியோலிங்கோ கற்றுத்தருவது பிரேசில் உச்சரிப்பு. லிஸ்பன்காரர்கள் உயிரெழுத்தை விழுங்கிவிட்டுப் பேசுவார்கள், அது காதில் பிடிபடவே சில மாதங்கள் ஆகும். ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம் என்பது லிஸ்பன் காபிக் கடையில் உண்மை, வரி அலுவலகத்தில் பொய்.

குடியுரிமை என்றதும் ஞாபகம் வருகிறது. "ஐந்து ஆண்டில் ஐரோப்பிய பாஸ்போர்ட்" என்று கணக்குப் போட்டு வராதீர்கள். நாடாளுமன்றம் 2025 அக்டோபரில் அதைப் பத்து ஆண்டாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது, டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைச் செல்லாதென்றது. இழுபறி எப்படி முடிந்தாலும், திட்டத்தைப் பத்து ஆண்டென்றே போடுங்கள். குறைந்தால் லாபம்.

மனிதர்கள் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் பொதுவாக மென்மையானவர்கள், சத்தம் போட்டுப் பேசுவது குறைவு, குழந்தை என்றால் உருகிவிடுவார்கள், பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிக்கு இடம் தானாக வரும். அதே சமயம் அரசியல் காற்று மாறிவிட்டது. சில ஆண்டுகளில் வெளிநாட்டவர் எண்ணிக்கை 15 லட்சத்தைத் தாண்டியது, நாட்டு மக்கள்தொகையே ஒரு கோடிச் சொச்சம்தான். குடியேற்ற எதிர்ப்பைப் பேசும் ஷேகா கட்சி 2025 மே தேர்தலில் இடங்களின் எண்ணிக்கையில் இரண்டாவதாக வந்தது. தெற்காசிய முகம் என்றால் தெற்கே ஒதெமிரா பகுதியின் பண்ணைக் கூடாரங்களில் வேலை செய்பவர், இல்லை பைக்கில் சாப்பாடு கொண்டுவருபவர் என்றே பலர் முதலில் நினைக்கிறார்கள். வீடு பார்க்கப் போனில் பேசும்போது "இந்தியர்" என்றதும் "இப்போதுதான் வாடகைக்குப் போயிற்று" என்ற பதில் வரலாம். வேலைக் கடிதம், வங்கி அறிக்கை, பழைய வீட்டுக்காரர் கடிதம் மூன்றையும் போர்ச்சுகீஸில் மொழிபெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நேரில் போய் நின்றால் கதவு திறப்பதைப் பார்த்திருக்கிறேன். நியாயமில்லைதான், ஆனால் வேலைக்காகிறது.

தமிழ்க் குடும்பங்கள் மிகக் குறைவு. இந்தியர்களில் பஞ்சாபிகள் அதிகம், மொசாம்பிக் வழியாக வந்த குஜராத்திகள் பழைய குடிகள், லிஸ்பனில் இருக்கும் பெரிய ராதாகிருஷ்ணர் கோயில் அவர்களுடையது. கோவாக்காரர்கள் தனி வரலாறு. 2015 முதல் 2024 வரை பிரதமராக இருந்த அந்தோனியோ கோஸ்தாவின் தந்தை வழி கோவாதான். லண்டன், டொரன்டோ மாதிரி தமிழ்ப் பள்ளி, பொங்கல் விழா என்று எதிர்பார்த்துப் போனால் மனைவிக்குத்தான் முதலில் தனிமை தட்டும். நீங்கள் கிளையன்ட்டோடு வீடியோ காலில் இருப்பீர்கள், மகள் பள்ளியில் இருப்பாள், அவர் என்ன செய்யப்போகிறார் என்பதை விசாவுக்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசுங்கள். நான் பார்த்த வரையில் திரும்பிப் போன குடும்பங்களில் பாதிக்கு மேல் இதனால்தான் போனது, பணத்தால் இல்லை.

உங்களுக்கு மட்டும் சொல்லும்படியான ஒரு பெரிய லாபம் இருக்கிறது: நேரம். அமெரிக்கக் கிழக்குக் கரை காலை ஒன்பது மணி என்பது சென்னையில் மாலை ஆறரை, ஏழரை. லிஸ்பனில் மதியம் இரண்டு. காலை முழுவதும் உங்களுடையது, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடற்கரையில் நடக்கலாம், ராத்திரி பத்துக்குப் படுக்கப் போகலாம். கிளையன்ட் கலிஃபோர்னியாவில் என்றால் மாலை ஐந்து முதல் நள்ளிரவு தாண்டி, அப்போது இந்தக் கணக்கு கொஞ்சம் கசக்கும். எந்தக் கரை என்று நீங்கள் எழுதவில்லை.

இப்போதைக்கு இந்த மாதம் செய்ய வேண்டியவை: மூன்று பாஸ்போர்ட்டிலும் பெயரைச் சரிபாருங்கள். மகள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், போலீஸ் நற்சான்று, இவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும் சான்றொப்பம், வேண்டும். நற்சான்றுக்கு மட்டும் ஆயுள் குறைவு, அதைக் கடைசியில் வாங்குங்கள். கம்பெனியிடமிருந்து, போர்ச்சுகலில் இருந்து வேலை செய்ய ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கேளுங்கள். பல நிறுவனங்கள் வாயால் சரி என்பார்கள், எழுதித் தரச் சொன்னால் சட்டப் பிரிவுக்கு அனுப்புவார்கள், அங்கே இரண்டு மாதம் போகும். அந்தக் கடிதம் கைக்கு வராமல் வீடு பார்க்க டிக்கெட் எடுக்காதீர்கள்.